'மேயர்' முத்திரையுள்ள பழைய மரப் புல்லாங்குழலை வாங்கலாமா?

கேள்வி:
துளைகளை மூடித் திறக்கும் எட்டு உலோகச் சாவிகள் கொண்ட, கருமரத்தாலான மேற்கத்தியப் புல்லாங்குழல் ஒன்று குறைந்த விலைக்கு வந்துள்ளது. தலைப் பகுதி தந்தம் போலத் தெரிகிறது. உடலில் 'மேயர்' என்ற பெயரும் அதன் கீழ் 'ஜெர்மனி' என்ற சொல்லும் பொறிக்கப்பட்டுள்ளன. இது ஜெர்மனியின் ஹனோவர் நகரில் மேயர் (Meyer) என்ற குழல் செய்பவர் நடத்திய பட்டறையில் செய்யப்பட்டதுதானா? சேகரிப்பைத் தொடங்குபவருக்கு இது ஏற்றதா?

மறுமொழி 1:
முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். மேயரின் வடிவமைப்பு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும் வரவேற்பைப் பெற்றதால், ஜெர்மானியப் பட்டறைகள் பலவும் அதே பாணியில் குழல்களைச் செய்து அதே பெயரைப் பொறித்து ஏற்றுமதி செய்தன. 'ஜெர்மனி' என்ற சொல்லே ஒரு நல்ல தடயம்: இறக்குமதிப் பொருள்களில் அவை உருவான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் இயற்றியதால், உங்கள் குழல் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டதாகவே இருக்கும். இதனால் அது மட்டமானது என்று பொருளில்லை. இவ்வகைக் குழல்களில் சில மிக இனிமையாக ஒலிக்கும்.

மறுமொழி 2:
பெயரைவிட விரிசலே முக்கியம். தலைப் பகுதியின் உட்புறத்தில் உலோகக் குழாய் இருந்தால், வெளிப்புறம் காலப்போக்கில் உலர்ந்து சுருங்கும்போது உள்ளே இருக்கும் உலோகம் சுருங்காமல் நிற்பதால் நீளவாக்கில் பிளவு ஏற்படும். அது ஊதுதுளையை வெட்டிச் செல்கிறதா என்று பாருங்கள்; அப்படியானால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். சாவிகளின் அடியில் துளையை மூடும் பேடுகள் (மெத்தைகள்) தேய்ந்திருப்பதும் இணைப்புகளில் தக்கை உதிர்ந்திருப்பதும் பொருட்டல்ல, எளிதில் மாற்றிவிடலாம். தந்தம் என்று உறுதியானால், நாடுகளுக்கிடையே அதைக் கொண்டுசெல்ல, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் (CITES) ஒப்பந்தத்தின் கட்டுப்பாடுகள் உண்டு என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

மறுமொழி 3:
காட்சிக்கு வைப்பதற்கல்லாமல் பிறருடன் சேர்ந்து வாசிப்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால், சுருதியைக் கேட்டுப் பாருங்கள். அக்காலக் குழல்களில் பல, மேற்கத்திய இசையில் சுருதி சேர்க்கப் பயன்படும் 'A' ஸ்வரத்துக்கு இன்றுள்ள 440 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்குப் பதிலாக 452 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்சுருதிக்குச் செய்யப்பட்டவை. தலைப் பகுதியை வெளியே இழுத்துச் சுருதியை இறக்கலாம். ஆனால் துளைகளின் இடைவெளி மாறாததால் ஸ்வரங்கள் ஒன்றுக்கொன்று பிசகும். விற்பவரிடம் எல்லா ஸ்வரங்களையும் வாசித்துப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு அவர் தயங்கினால், வாசிக்க இயலாத குழல் என்றே கருதி விலை பேசுங்கள்.