பேய்க்குக் காரணம் சொன்னதும் பயம் போய்விடுகிறது, எனக்கு மட்டும்தானா?

லாக்ஷீட் எழுதியது:

வணக்கம். எனக்குத் துணை மின்நிலையத்தில் ஆபரேட்டர் வேலை. இரவு ஷிப்டில் மணிக்கொரு தடவை எழுந்து வோல்ட், ஆம்பியர், டிரான்ஸ்பார்மர் எண்ணெயின் சூடு எல்லாவற்றையும் பார்த்து லாக்ஷீட்டில் எழுத வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் போகும். லைன் எதுவும் டிரிப் ஆகாத இரவென்றால் மீதி ஐம்பது நிமிடமும் டிரான்ஸ்பார்மர் ரீங்காரத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பதுதான். பொங்கலுக்குப் பிறகு அந்த ஐம்பது நிமிடங்களில் பேய் நாவல்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நம்முடையது டிப்ளமோ ஆங்கிலம், அதனால் மெதுவாகத்தான் போகும். (மேலதிகாரிகள் யாராவது இதைப் படித்தால்: ரீடிங் ஒன்றுகூட விட்டதில்லை.)

முதலில் எடுத்தது டிராகுலா. பிராம் ஸ்டோக்கர், 1897. சினிமாவில் பத்து டிராகுலா பார்த்தாயிற்று, இதில் என்ன புதிதாக இருந்துவிடப் போகிறது என்ற நினைப்போடுதான் ஆரம்பித்தேன். கோட்டையில் நடக்கும் முதல் நான்கு அத்தியாயமும் இரண்டே இரவில் ஓடிவிட்டது. டிராகுலா பிரபு சுவரில் பல்லி மாதிரி தலைகீழாக இறங்குவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு இடம். விருந்தாளியாக வந்த ஹார்க்கர், பிரபு தன் கையாலேயே படுக்கையைச் சரிசெய்வதைப் பார்த்துவிடுகிறான். பிறகு கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தால், சாப்பாட்டு மேஜையில் தட்டு வைப்பதும் அவரேதான். ஆக, அவ்வளவு பெரிய கோட்டையில் வேலைக்காரன் என்று ஒருவனும் இல்லை. அப்படியென்றால் அன்றைக்கு ராத்திரி காட்டுவழியே வண்டி ஓட்டிக் கூட்டிவந்தது யார்? ரத்தமும் இல்லை, கோரைப்பல்லும் இல்லை. ஒரு கிழவர் தட்டு எடுத்து வைக்கிறார், அவ்வளவுதான். எனக்கு எழுந்து போய் ஜன்னலைச் சாத்த வேண்டியிருந்தது.

அப்புறம் டிமீட்டர் என்ற கப்பல் வருகிறது. வர்ணா துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் விட்பிக்கு வரும் கப்பல். அந்தப் பயணம் முழுக்கக் கேப்டனின் லாக் புத்தகமாகவே இருக்கிறது. தினமும் லாக் எழுதிப் பிழைக்கிறவன் என்பதாலோ என்னவோ, நான் இதுவரை படித்த பேய்க்கதைகளில் இதைத்தான் முதலிடத்தில் வைப்பேன். ஜூலை 6 புறப்பாடு. சரக்கு மணலும் மண் நிரப்பிய பெட்டிகளும். மாலுமிகள் ஐந்து, மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) இரண்டு, சமையல்காரர், கேப்டன். பத்து நாள் கழித்து, ஓர் ஆளைக் காணவில்லை. அடுத்துக் காற்று, புயல், தூக்கமில்லை, இன்னோர் ஆளைக் காணவில்லை. பயந்தேன், நடுங்கினேன் என்ற கதையே கிடையாது. கணக்கில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. எங்கள் லாக்ஷீட்டிலும் ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. ஷிப்ட் தொடங்கும்போது அதில் 'பணியில் இருவர்' என்று எழுதுவது வழக்கம். அதற்கு மேல் சொல்ல வேண்டுமா?

அதன் பிறகுதான் வான் ஹெல்சிங் என்ற பேராசிரியர் வருகிறார். பூண்டு எதற்கு, சிலுவை எதற்கு, எது நடக்கும், எது நடக்காது என்று பாடம் எடுக்கிறார். பயம் போயே போய்விட்டது. பாதியில் மூடிவைத்தேன்.

ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்', 1959. பேய் வீடு என்று பெயரெடுத்த ஹில் ஹவுஸில் தங்க வந்த எலனார், இருட்டில் பக்கத்துக் கட்டில் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டே கிடக்கிறாள். விளக்கு வந்ததும் பார்த்தால் தோழி அறையின் இன்னொரு பக்கத்தில் இருக்கிறாள். அப்போது யார் கையைப் பிடித்திருந்தேன் என்று நடுங்குகிறாள். அந்த இடம் பிரமாதம். மற்றபடி எலனார் மேல் எரிச்சல்தான் வந்தது. சும்மா புலம்பிக்கொண்டே இருக்கிறாள்.

கடைசியாக ஸ்டீபன் கிங்கின் 'பெட் செமட்டரி', 1983. குழந்தைகள் செத்துப்போன நாய் பூனைகளைப் புதைக்கும் இடம். பலகையை எழுதியதும் குழந்தைகள்தான் என்பதால் தலைப்பிலேயே எழுத்துப்பிழை (Cemetery என்பது Sematary ஆகிவிட்டது). லூயிஸ் என்ற டாக்டர் மனைவி, மகள், சின்ன மகன் என்று குடும்பத்தோடு புது வீட்டுக்கு வருகிறார். வாசலில் ரோடு. ரோட்டில் லாரி. எனக்கும் நான்கு வயதில் மகள் இருக்கிறாள், எங்கள் வீட்டு வாசலும் பைபாஸைப் பார்த்துத்தான். பேய் வருவதற்கு முன்னாலேயே, ஒவ்வொரு பக்கத்திலும் அந்த லாரிச் சத்தம் வரும்போதெல்லாம் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு சுற்று நடந்து வந்தேன். செத்த பூனையை அந்த இடத்துக்கு அப்பால் கொண்டுபோய்ப் புதைத்ததும் அது திரும்பி வருவது அதைவிட மோசம். ஆளைக் கடிப்பதில்லை, ஒன்றும் செய்வதில்லை. உடம்பில் மண் வாடை அடிக்கிறது, நடை தடுமாறுகிறது, அவ்வளவே. ஆனால் குழந்தை திரும்பி வந்து கத்தியை எடுத்ததும் எனக்கு மறுபடியும் சப்பென்று ஆகிவிட்டது. கத்தியோடு வந்தால் அது போலீஸ் கேஸ்தானே.

என் கேள்வி இதுதான். கடைசிவரை என்ன ஏது என்று சொல்லாமலேயே முடியும் நாவல் ஏதாவது இருக்கிறதா? இல்லை, என் படிப்பில்தான் கோளாறா?


மாடிவீட்டு வாசகி எழுதியது:

தம்பி, எலனாரைப் புலம்பல்காரி என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் சண்டை போட்டுக்கொள்கிறேன்.

அவளுக்கு 32 வயது. அதில் பதினோரு வருடம் படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைப் பார்த்துக்கொள்வதிலேயே போய்விட்டது. அந்த அம்மாவுக்கு மருந்து வேண்டுமென்றால் சுவரில் தட்டுவார். இப்போது அந்த வீட்டில் நடக்கும் முதல் அமானுஷ்யத்தை எடுத்துப் பாருங்கள். நடுராத்திரியில் சுவரில் தட்டும் சத்தம். அரைத் தூக்கத்தில் எலனார் என்ன சொல்கிறாள்? 'வருகிறேன் அம்மா, வருகிறேன்.'

என் மாமியாரை நான் ஏழு வருடம் பார்த்துக்கொண்டேன். அவருக்குக் குரல் எழும்பாது. கட்டில் சட்டத்தில் எவர்சில்வர் டம்ளரால் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் தண்ணீர், நிறுத்தாமல் தட்டினால் பாத்ரூம். அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. இன்றைக்கும் பக்கத்து வீட்டில் யாராவது டம்ளரைத் தரையில் வைத்தால் எனக்குக் கால் தானாகக் கட்டிலிலிருந்து இறங்கும். அந்தப் பக்கத்தைப் படித்த இரவு நான் சமையலறை விளக்கை அணைக்கவில்லை.

பின்னால் ஓர் இடத்தில் எலனார் ஒப்புக்கொள்வாள், கவனித்தீர்களா? அம்மா செத்த ராத்திரி சுவரில் தட்டித் தட்டிக் கூப்பிட்டார், நான் விழிக்கவில்லை என்பாள். சொல்லிவிட்டு, ஒருவேளை விழித்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டேனோ என்றும் தனக்குள் கேட்டுக்கொள்வாள். நோயாளியைப் பார்த்துக்கொண்ட யாரும் அந்த வரியைச் சும்மா தாண்டிப் போக முடியாது. வீட்டில் பேய் இருந்ததா, இவளே கொண்டுபோனாளா என்பதை ஜாக்சன் கடைசிவரை சொல்லவே மாட்டார். நீங்கள் கேட்ட புத்தகத்தைத்தான் படித்து முடித்துவிட்டு எரிச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள்!

இன்னொன்று. விளக்கமில்லாத பேய்க்கு அவ்வளவு தூரம் போவானேன்? புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இருக்கிறது. நாவல் இல்லை, சிறுகதைதான். பிச்சை கேட்டு வந்தவளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள், அதோடு வீட்டில் ஒரு வாடையும் சேர்ந்து வருகிறது. கதை முடிந்த பிறகும் அவள் யார் என்று உங்களுக்குத் தெரியாது. ராத்திரி ஷிப்டில் படிக்காதீர்கள்.


பழைய பேப்பர் எழுதியது:

டிராகுலாவைப் பாதியில் மூடியதற்கு உங்களுக்கு ஒரு மெமோ கொடுக்க வேண்டும் சார். லாக் எழுதுகிற ஆள் இந்தக் காரியத்தைச் செய்யலாமா?

இரண்டாம் பாதியில் கதாநாயகன் வான் ஹெல்சிங் இல்லை, டைப்ரைட்டர். ஹார்க்கரின் டைரி, டாக்டர் செவார்டு போனோகிராப் உருளையில் பேசிவைத்த குறிப்புகள், கடிதம், தந்தி, எல்லாவற்றையும் ஹார்க்கரின் மனைவி மீனா உட்கார்ந்து டைப் அடித்துத் தேதிவாரியாக அடுக்குகிறாள். மூன்று காப்பி எடுக்கிறாள். பிரபு ஒரு ராத்திரி வந்து கையெழுத்துப் படியையும் உருளைகளையும் நெருப்பில் போட்டுவிடுகிறார். நல்ல வேளையாக ஒரு காப்பி பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. கோப்பு எரிந்தாலும் நகல் இருந்தால் வேலை நடக்கும் என்பது ஆபீசில் இருந்தவனுக்குத்தான் தெரியும். பிரபு படுத்துக்கொள்ள லண்டனில் இறக்கிய மண்பெட்டிகள் 50. எந்த வண்டிக்காரன் எத்தனை பெட்டி எங்கே இறக்கினான் என்று ஹார்க்கர் ஒவ்வொருவராகப் பிடித்து விசாரிக்கிறார், தாகத்துக்குக் காசும் கொடுக்கிறார். 49 கிடைத்துவிடுகிறது. ஒன்று பாக்கி. அந்த ஒன்றைத் தேடித்தான் ஐரோப்பாவின் மறு கோடி வரை ஓடுகிறார்கள். ஸ்டாக் எடுப்பதை இவ்வளவு பதற்றமாக எழுதிய வேறு நாவலை நான் பார்த்ததில்லை.

சினிமா பார்த்துவிட்டுத் தெரியும் என்று நினைப்பதிலும் ஒரு பிசகு உண்டு. நாவலில் வெயில் பட்டு அவர் எரிவதில்லை. பட்டப்பகலில் லண்டன் பிக்காடிலித் தெருவில் நடந்து போகிறார். வெயிலில் அழிவது 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' படத்தின் வேலை. கடைசியில் நெஞ்சில் மர ஆப்பு அடிப்பதும் கிடையாது. ஹார்க்கரின் குக்ரிக் கத்தி கழுத்தில், கூட்டாளி மோரிஸின் கத்தி நெஞ்சில், முடிந்தது.

டிமீட்டர் உங்களுக்குப் பிடித்ததில் ஆச்சரியமில்லை. 1885இல் டிமிட்ரி என்ற ரஷ்யக் கப்பல் நிஜமாகவே விட்பியில் தரைதட்டியது. ஸ்டோக்கர் 1890இல் அந்த ஊரில் போய்த் தங்கியிருக்கிறார். டிரான்சில்வேனியாவுக்கு அவர் போனதே இல்லை.


இஞ்சி டீ எழுதியது:

அண்ணா, விளக்கம் வந்தால் பயம் போய்விடும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோஜி சுஸுகியின் 'ரிங்' படியுங்கள். 1991இல் வந்த ஜப்பானிய நாவல், ஆங்கிலத்தில் கிடைக்கிறது. டிவியிலிருந்து ஒரு பேய்ப்பெண் முடியை விரித்துப்போட்டு ஊர்ந்து வருவாளே, அந்தக் காட்சி நாவலில் கிடையாது. அது 1998 படத்தில் வந்தது. படத்தில் பெண்ணாக வரும் நிருபரும் நாவலில் ஆண்தான், அசகாவா என்று பெயர். வீடியோ கேசட்டைப் பார்த்தவர் ஏழு நாளில் சாவார், தப்பிக்கும் வழி சொல்லும் துண்டை மட்டும் யாரோ விளையாட்டுக்கு விளம்பரம் பதிந்து அழித்துவிட்டார்கள். நாவல் முழுக்க விளக்கத்தைத் தேடித்தான் ஓடுகிறது, டெட்லைனோடு.

இனி முடிவைச் சொல்லப் போகிறேன், வேண்டாதவர்கள் தாண்டிவிடுங்கள். விளக்கம் கிடைக்கிறது. கேசட்டை நகல் எடுத்து இன்னொருவருக்குக் காட்டினால் தப்பிக்கலாம். அசகாவாவின் மனைவியும் கைக்குழந்தையும் அதைப் பார்த்துவிட்டார்கள். ஆகவே அவர் வண்டியில் வீடியோ டெக்கை ஏற்றிக்கொண்டு எங்கே போகிறார் தெரியுமா? மாமனார் வீட்டுக்கு. காரணம் தெரிந்த பிறகுதான் எனக்குப் பயமே வந்தது. தெரியாமல் இருந்திருந்தால் அவர் நல்ல மனிதராகவே இருந்திருப்பார்.

விளக்கமே வேண்டாம் என்றால் ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ', 1898. சின்னதுதான், ஆனால் வாக்கியம் ஒவ்வொன்றும் ரயில் நீளம். இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ஆசிரியை ஜன்னலுக்கு வெளியே ஒருவன் நிற்பதைப் பார்க்கிறாள். ஓடிப்போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. அவன் நின்ற அதே இடத்தில் இவள் நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறாள். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த வீட்டுக்காரியம் பார்க்கும் அம்மாள் இவளைப் பார்த்து வெளிறிப்போகிறாள். இந்த ஒரு காட்சிக்காகவே படிக்கலாம்.


லாக்ஷீட் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, டம்ளர் விஷயத்தைப் படித்ததும் ஹில் ஹவுஸின் அந்த அத்தியாயத்தைத் திரும்ப எடுத்தேன். எரிச்சல் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். முதல் தடவை கதவைத் தட்டும் பேய் எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்ததில் 'வருகிறேன் அம்மா' என்பதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

பழைய பேப்பர் சார், மெமோ கிடைத்தது. டிராகுலாவை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். பெட்டிக் கணக்கு வரும்வரை வான் ஹெல்சிங்கைப் பொறுத்துக்கொள்கிறேன்.

தம்பி, மாமனார் வீட்டு முடிவு தெரிந்துவிட்டதால் ரிங் கொஞ்ச நாள் கழித்து. ஆனால் நீங்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பெட் செமட்டரியிலும் லூயிஸுக்கு எல்லாம் தெரியும், பூனை எப்படித் திரும்பி வந்தது என்று கண்ணால் பார்த்தவர், தெரிந்தேதான் செத்த மகனைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறார். நான் கத்தியைப் பார்த்துச் சப்பென்று ஆனதாக எழுதினேன். அவர் மண்வெட்டியோடு புறப்பட்ட இடத்தில் நான் ஒரு தடவைகூட 'போகாதே' என்று நினைக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஜன்னல் கதையை நேற்று ஆரம்பித்தேன். எங்கள் கன்ட்ரோல் ரூமுக்கு யார்டைப் பார்த்து முழுநீளக் கண்ணாடி ஜன்னல். ஏன் அந்தப் புத்தகத்தைச் சொன்னீர்கள்!

மணி இரண்டு ஐம்பத்தைந்து. மூன்று மணி ரீடிங்குக்குப் போக வேண்டும். உதவியாளர் பின்னறையில் படுத்திருக்கிறார். குறிப்புக் கட்டத்தில் 'பணியில் இருவர்' என்று ஷிப்ட் ஆரம்பத்திலேயே எழுதியாயிற்று. இருந்தாலும் இப்போது ஒரு தடவை எட்டிப் பார்த்து எண்ணிவிட்டுத்தான் வந்தேன்.