மறு: அமெச்சூர் டிடெக்டிவ் – ‘துப்பார்வலர்’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களே,

தொழிலாக இல்லாமல் ஆர்வத்தால் துப்பறியும் கதாபாத்திரங்களை ஆங்கிலத்தில் ‘அமெச்சூர் டிடெக்டிவ்’ என்பார்கள். அதற்குத் தமிழில் நான் முன்வைத்த சொல் ‘துப்பார்வலர்’. நீங்கள் சொன்ன மாற்றுச் சொற்களுக்கு என் பதில் இது.

> ‘பொழுதுபோக்குத் துப்பறிவாளர்’ என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் அந்தக் கதைகளில் உயிராக இருப்பதை அந்தச் சொல் தவறவிடுகிறது. டாரதி சேயர்ஸ் 1923இல் வெளியிட்ட முதல் நாவலிலேயே பீட்டர் விம்சி பிரபு இதில்தான் தடுமாறுகிறார். பணக்காரர், பழைய அரிய புத்தகங்களைத் தேடித்தேடி வாங்குகிறவர். துப்பறிவதையும் ஒரு விளையாட்டாகத்தான் தொடங்குகிறார். ஒருவர் உண்மையிலேயே மாட்டிக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்ததும் விட்டு விலகிவிடலாமா என்று தவிக்கிறார். போலீஸ்கார நண்பர் பார்க்கர் அவரைக் கடிந்துகொள்கிறார். வெறும் பொழுதுபோக்காக இருந்திருந்தால் அந்தத் தவிப்பு எங்கிருந்து வரும்?

‘கற்றுக்குட்டி’ வேண்டவே வேண்டாம். 1930இல் வந்த, அகதா கிறிஸ்டியின் முதல் மிஸ் மார்ப்பிள் நாவலை நினைத்துப்பாருங்கள். செயின்ட் மேரி மீட் என்ற சின்ன ஊர், பின்னலும் தோட்டமுமாக வாழும் வயதான பெண்மணி. அவர் கையில் சட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை. சந்தேகத்துக்குரியவர் யாராக இருந்தாலும், ‘எங்கள் ஊரில் இப்படி ஒருவர் உண்டு’ என்று யாரோ தெரிந்தவரை நினைத்துக்கொள்வார். ஒரே ஊரை ஆயுள் முழுக்க உற்றுப் பார்த்ததுதான் அவர் கற்ற கல்வி. போலீஸ் வந்தால் வாயை மூடிக்கொள்கிறவர்கள்கூட, வம்பு பேசும் கிழவிதானே என்று இவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். அந்த விசித்திரம் கதைக்கு மேற்பூச்சு இல்லை, துப்பறியும் வழியே அதுதான்.

செஸ்டர்டனின் ஃபாதர் பிரவுனும் அப்படித்தான். முதல் கதையில் கையில் பொட்டலங்களும் அடிக்கடி நழுவி விழும் குடையுமாக, பார்த்தால் பாவமாக இருக்கும். பாவமன்னிப்புக் கேட்க வருகிறவர்கள் சொன்னதையெல்லாம் வருஷக்கணக்காகக் கேட்டவர் என்பதால், திருடனின் தந்திரம் ஒவ்வொன்றும் அவருக்கு அத்துப்படி. இவர்களைப் படிக்கும்போது நமக்கு வரும் சந்தோஷமே, அதிகாரம் எதுவும் இல்லாத ஒருவர் கவனத்தையும் அக்கறையையும் மட்டும் கொண்டு ஜெயிக்கிறாரே என்பதுதான். அந்த அக்கறை நம் சொல்லிலும் இருக்க வேண்டும்.

அதனால்தான் ‘துப்பார்வலர்’ என்கிறேன். ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்’ குறளில் வரும் ஆர்வலர், அன்புடையவர். அமெச்சூர் என்பதன் லத்தீன் வேருக்கும் நேசிப்பவர் என்றுதான் பொருள். இதைவிடப் பொருத்தம் வேறு கிடைக்குமா என்று தெரியவில்லை. ‘சமூக ஆர்வலர்’ என்ற இன்றைய வழக்கு குழப்பும் என்று ஒருவர் கேட்டிருந்தார். பறவை ஆர்வலர் என்கிறோம், யாரும் குழம்பவில்லையே.

> ‘மெய்தேடி’?

அழகான சொல். வங்காளத்தில் சரதிந்து பந்த்யோபாத்யாய் 1932இல் படைத்த வியோம்கேஷ், டிடெக்டிவ் என்ற பெயர் பிடிக்காமல் தன்னைச் ‘சத்தியான்வேஷி’ என்று அழைத்துக்கொண்டதும் இதே பொருளில்தான். ஆனால் வியோம்கேஷுக்கு அது பிழைப்பு. ‘மெய்தேடி’யில் தொழிலுக்கும் ஆர்வத்துக்கும் உள்ள கோடு தெரியாது. கட்டணம் வாங்கிய ஷெர்லாக் ஹோம்ஸும், பெல்ஜியத்துப் போலீஸில் இருந்து ஓய்வுபெற்ற புவாரோவும்கூட அதில் அடங்கிவிடுவார்கள்.

அப்புறம், இந்தக் கதாபாத்திரங்களின் விசித்திரப் போக்கைக் குறிக்கும் ‘எக்சென்ட்ரிக்’ என்ற சொல். ‘கிறுக்கு’ இழிவாகப்படுகிறது. ‘தனிப்போக்கு’ எனக்குப் பிடித்திருக்கிறது: தனிப்போக்குத் துப்பார்வலர். கொஞ்சம் நீளம்தான், சுருக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எல்லைக்கோட்டில் ஒருவர் மிச்சம். எட்கர் ஆலன் போ படைத்த ‘துப்பின்’ (Dupin) என்பவர், 1841இல் வந்த முதல் கதையில் ஆர்வத்துக்காகவும் பழைய உதவி ஒன்றுக்கு நன்றியாகவும் இறங்குகிறார். திருடுபோன கடிதம் ஒன்றைத் தேடும் 1844ஆம் வருஷக் கதையிலோ ஐம்பதாயிரம் ஃபிராங்குக்குக் காசோலை எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் கடிதத்தைக் கொடுக்கிறார். நான் அவரைத் துப்பார்வலர் பட்டியலில்தான் வைப்பேன். பகலிலும் ஜன்னலை அடைத்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர், காசு வராவிட்டாலும் யோசித்துக்கொண்டுதான் இருந்திருப்பார். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்