புதுப்பிப்பு: அத்தையைச் சேர்க்கச் சொன்ன முதியோர் இல்லம்

பக்கவாதம் வந்த அத்தையை டிஸ்சார்ஜ் செய்யும்போது, கிருஷ்ணகிரியில் நாங்கள் பார்த்த தனியார் மருத்துவமனை டாக்டர் ஒரே ஒரு பராமரிப்பு இல்லத்தின் பெயரை மட்டும் சொல்லி அவசரப்படுத்தினார் என்று முன்பு எழுதியிருந்தேன். நம்பிச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தேன்.

நேரில் போய்ப் பார்த்தோம். இடம் சுத்தம்தான். ஆனால் சேர்க்கைப் படிவத்தில் ‘அனுப்பியவர்’ என்ற கட்டத்தில் டாக்டர் பெயர் முன்கூட்டியே அச்சாகியிருந்தது! டாக்டரிடமே கேட்டோம். இல்லத்தில் அவர் மச்சானுக்குப் பங்கு இருக்கிறதாம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது. படுத்த படுக்கையாக இருப்பவரின் குடும்பம் டாக்டர் வார்த்தையைத்தானே நம்பும்?

புகார் கொடுக்கச் சொன்னவர்களுக்கு: நோயாளியை அனுப்புவதற்காக டாக்டர் கமிஷன் வாங்குவதை 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் (6.4) தடை செய்கின்றன. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். ஆனால் பணம் கைமாறியதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. அதனால் படிவத்தின் நகலோடு, இப்படித் தொடர்பு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள், வேறு இரண்டு இடமாவது காட்டுங்கள் என்று மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

அத்தை இப்போது வீட்டில்தான். 2021இல் நம்ம மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தோம், வருகிறார்கள். நேற்று அத்தை டம்ளரைத் தானே பிடித்துக் காபி குடித்தார்.