மத்தியானத்துக்கு மேல் நேரம் கூடுகிறது: இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் இன்ஜினை எப்படிக் குளிரவைப்பது?

கால்மைல்:
வணக்கம் நண்பர்களே. நேர்கோட்டில் கால் மைல் ஓடுகிற டிராக் ரேஸ்காரன் நான். என்னுடையது கார்புரேட்டர் வைத்த பழைய வி8 இன்ஜின் வண்டி. பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு, இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகிற இன்டேக் மேனிஃபோல்டு அலுமினியம். காலையில் கால் மைலை 12.4 நொடியில் முடிக்கிற வண்டி, மத்தியானத்துக்கு மேல் 12.6க்குப் போய்விடுகிறது. ஸ்பார்க் அடிக்கிற டைமிங், டயர் காற்று எதையும் தொடவில்லை. நடுவில் முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும். வந்ததும் இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, மேனிஃபோல்டு மேல் ஐஸ் மூட்டை வைக்கிறேன். எடுக்கும்போது சில்லென்றுதான் இருக்கிறது. வரிசையில் போய் நிற்பதற்குள் கை வைக்க முடியாத சூடு. ரேடியேட்டரில் ஐஸ் தண்ணீரையே ஊற்றிவிடு என்கிறான் நண்பன். ஊற்றலாமா?

கிரீஸ்கை:
ஊற்றாதீர்கள் தம்பி. ஓடி வந்த வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தாலே ஆபத்து. அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும், மூடி திறந்ததும் பொங்கி முகத்தில் அடிக்கும். அதில் தப்பித்தாலும், சூடான வார்ப்பிரும்பில் ஐஸ் தண்ணீர் பட்டால் ஹெட்டில் விரிசல் விழலாம், கேஸ்கெட் போகலாம்.

இப்போது உங்கள் ஐஸ் விஷயம். மேனிஃபோல்டு 10 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். அதை 80 டிகிரியிலிருந்து 30க்கு இறக்க, கணக்குப்படி ஒரு கிலோ ஐஸே போதும். ஆனால் அது உட்கார்ந்திருப்பது இரண்டு ஹெட்டின் மேல். இன்ஜினை அணைத்ததும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும், எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூடெல்லாம் ஹெட்டுக்குள் ஏறும். அணைத்த பிறகும் மீட்டர் முள் ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். கீழே அடுப்பு எரிய, மேலே ஐஸ் வைத்து என்ன பயன்?

அதனால் முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஐஸ். மின்சார வாட்டர் பம்ப் இருந்தால் இன்ஜினை அணைத்த பிறகும் பம்ப்பையும் ஃபேனையும் ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துத் தண்ணீர் வழியைத் திறந்து மூடுகிற வால்வு) இருந்தால் கழற்றிவிட்டு, நடுவில் ஓட்டை போட்ட தகடு வையுங்கள். இல்லையென்றால் தண்ணீர் 80ஐ ஒட்டி இறங்கியதும் அது மூடிக்கொள்ளும், பம்ப் சும்மா சுற்றும். ஃபேன் ஓடும்போது, தோட்டத்துக்கு மருந்தடிக்கிற கைத்தெளிப்பானில் சாதாரணத் தண்ணீர் நிரப்பி ரேடியேட்டர் முகத்தில் பனி மாதிரி அடியுங்கள். ஒரு கிலோ ஐஸ் உருக எடுக்கிற வெப்பத்தைவிட, ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக எடுக்கிற வெப்பம் கிட்டத்தட்ட ஏழு மடங்கு. பாதி வழிந்து வீணானாலும் ஐஸை ஜெயித்துவிடும்.

தண்ணீர் 50க்கு வந்த பிறகு மேனிஃபோல்டு மேல் ஐஸ் வையுங்கள், நிற்கும். பையில் கட்டி வைக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் ஒரு சொட்டு போகக்கூடாது. கிளம்பும் முன் எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். பின் டயருக்கு முன்னால் சொட்டினால் உங்களுக்கும் ஆபத்து, பின்னால் வருகிறவனுக்கும் ஆபத்து.

ஆயிலை மட்டும் குளிரவைக்காதீர்கள். சம்ப்புக்கு அடியில் ஐஸ் வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். குளிர்ந்த ஆயில் கெட்டியாகி, அதைச் சுற்றவே குதிரைசக்தி போகும். தண்ணீர் குளிர்ச்சி, ஆயில் சூடு, அவ்வளவுதான்.

ஊசிமுனை:
இன்ஜெக்ஷன் வண்டிக்காரர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம். தண்ணீர் ரொம்பக் குளிர்ந்தால் ஈசியூ (இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர்), இன்ஜின் இன்னும் சூடேறவில்லை என்று நினைத்துப் பெட்ரோலை அள்ளி விடும். எந்த டிகிரிக்குக் கீழே அப்படிச் செய்கிறது என்று ஈசியூவின் மேப்பில் (அமைப்பு அட்டவணையில்) பார்த்து, அதற்கு மேலேயே நிறுத்துங்கள். காற்று வெப்பநிலை சென்சார் மேனிஃபோல்டில் இருந்தால் அதுவும் சூடேறி, வராத சூட்டுக்கு டைமிங்கைக் குறைக்கும். அதை ஏர் ஃபில்டர் பக்கம் நகர்த்தினாலே பாதித் தொல்லை தீரும்.

டைம்ஸ்லிப்:
கால்மைல், நீங்கள் டயல்-இன் (எத்தனை நொடியில் முடிப்பேன் என்று முன்கூட்டியே சொல்கிற நேரம்) எழுதி, அதை ஒட்டி ஓடுகிற போட்டி வகுப்பா? அப்படியென்றால் நான் ஐஸ் பக்கமே போகமாட்டேன். ஒவ்வொரு தடவையும் ஐஸ் ஒரே மாதிரி உருகாது. பர்ன் அவுட்டுக்கு (ஓட்டத்துக்கு முன் பின் டயரைச் சுழற்றிச் சூடேற்றுவது) போகும்போது தண்ணீர் எப்போதும் 65 டிகிரி என்று வைத்துக்கொண்டால் சிலிப்பில் வருகிற நேரமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். 12.6 பிரச்சினையே இல்லை, 12.4க்கும் 12.6க்கும் நடுவில் ஆடுவதுதான் பிரச்சினை. இன்னொன்று, உங்கள் 0.2 நொடி முழுக்க இன்ஜின் சூட்டால் போனதில்லை. வெளிக்காற்று 3 டிகிரி ஏறினாலே அடர்த்தி சுமார் 1 சதவீதம் குறையும். காலைக்கும் மத்தியானத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் அதை எந்த ஐஸும் திருப்பித் தராது.

கிரீஸ்கை:
டயல்-இன் என்றால் இவர் சொல்வது சரி, நான் சண்டைக்கு வரமாட்டேன். முதலில் யார் கோட்டைத் தொடுகிறார் என்கிற வகுப்புக்குத்தான் என் ஐஸ்.

கால்மைல்:
டயல்-இன் வகுப்புதான். ஐஸை விட்டுவிடுகிறேன். ஆனால் என் பம்ப் பெல்ட்டில் ஓடுவது. மாற்றும்வரை என்ன செய்ய? சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகவும் அடம் பிடிக்கிறது.

கிரீஸ்கை:
வந்ததும் சட்டென்று அணைக்காதீர்கள். ஐடிலில் விட்டு, ஃபேன் ஓட, ரேடியேட்டரில் தண்ணீர் தெளித்து முள் இறங்கின பிறகு அணையுங்கள். வரிசையில் நகரும்போது ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளுங்கள். ஸ்டார்ட் தொல்லைக்குக் காரணம், கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கிற ஃப்ளோட் கிண்ணத்தில் அது கொதித்து மேனிஃபோல்டுக்குள் சொட்டுவது. கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத ஸ்பேசர் ஒன்று போட்டால் அடங்கும், ஆனால் பானெட் இடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மின்சார பம்ப் போட்ட பிறகு பிட்டில் (ஓட்டத்துக்கு நடுவில் வண்டி நிறுத்துமிடம்) பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி வையுங்கள். பம்ப்பும் ஃபேனும் சேர்ந்து பேட்டரியைக் குடித்துவிட்டால் இக்னிஷன் பலவீனமாகி, 12.6 கூட வராது.