வியன்னாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எர்ன்ஸ்ட் ஹாப்பலைத் தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டு முகவரியை மூன்று நாளுக்குள் பதிவு செய்வது, இன்சூரன்ஸ் அட்டை, வங்கிக் கணக்கு, பொன்னி அரிசி எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் பலர் விவரமாக எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த கட்டம். வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும், எல்லாரும் மரியாதையாகக் காலை வணக்கம் சொல்வார்கள், ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உங்களிடம் என்ன பேசுவது என்று அவர்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வியன்னாக்காரர்கள் சட்டென்று ஒட்டிக்கொள்கிறவர்கள் இல்லை. மொசார்ட்டைப் பற்றிக் கேட்டால் சுற்றுலாப் பயணிக்குச் சொல்லும் பதில்தான் வரும். ஐம்பது வயது தாண்டிய ஒருவரிடம் இந்த ஊர்க் கால்பந்து ஆட்டக்காரரும் பயிற்சியாளருமான ஹாப்பலைப் பற்றிக் கேளுங்கள், அன்றைக்குச் சாப்பாட்டு இடைவேளை போதாது.

யூ2 மெட்ரோவில் போனால் பிராட்டர் பூங்காவைத் தாண்டி 'ஸ்டாடியோன்' என்று ஒரு நிலையம் வரும். அங்கே இருக்கும் பெரிய மைதானத்துக்கு அவர் பெயர்தான். 2008 யூரோ கோப்பை இறுதிப் போட்டியில் ஸ்பெயின் ஜெர்மனியைத் தோற்கடித்தது இங்கேதான்.

ஹாப்பல் 1925இல் இதே ஊரில் பிறந்தவர். ராப்பிட் வியன்னா அணியின் தடுப்பாட்டக்காரர். 1954 உலகக் கோப்பையில் ஆஸ்திரியா மூன்றாம் இடம் பிடித்தபோது அந்த அணியில் இருந்தார், நாட்டுக்காக 51 ஆட்டங்கள் ஆடினார். இதெல்லாம் சரி, ஆனால் பெரியவர்கள் கண் விரியச் சொல்வது 1956 நவம்பரில் நடந்த ஓர் ஆட்டத்தை. ஐரோப்பிய கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையின் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) முதல் சாம்பியனான ரியல் மாட்ரிட், டி ஸ்டெஃபானோ போன்ற நட்சத்திரங்கள் எல்லாம் ஆடிய அணி, முதல் சுற்றில் சொந்த ஊரில் 4-2 என்று ஜெயித்துவிட்டு வியன்னாவுக்கு வந்தது. இங்கே ராப்பிட் 3-1 என்று திருப்பி அடித்தது. அந்த மூன்று கோலையும் போட்டது தடுப்பாட்டக்காரர் ஹாப்பல்! இரண்டு ஆட்டங்களையும் சேர்த்தால் 5-5. வெளியூரில் போட்ட கோலுக்கு அதிக மதிப்பு என்ற விதி அப்போது வரவில்லை, வந்திருந்தால் ராப்பிட் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். மூன்றாவது ஆட்டம் மாட்ரிட்டில் வைத்தார்கள், ராப்பிட் 2-0 என்று தோற்றது. அந்தத் தோல்வி இன்னும் இங்கே ஆறவில்லை. இதைத் தெரிந்துகொண்டு பேசினால் உங்களைப் பார்க்கிற பார்வையே மாறும்.

ஆனால் புலம்பெயர்ந்து வந்த நமக்கு அவருடைய பயிற்சியாளர் வாழ்க்கைதான் இன்னும் நெருக்கமானது. 1962இல், 36 வயதில், நெதர்லாந்தின் டென் ஹாக் நகரத்துச் சிறிய கிளப் ஒன்றுக்குப் பயிற்சியாளராகக் கிளம்பினார். அப்போது தொடங்கிய வெளிநாட்டு வேலை 25 வருடம் நீண்டது. வியன்னா ஜெர்மனும் டச்சும் கலந்த ஒரு பேச்சுதான் பேசுவார், அதையும் அளந்துதான் பேசுவார். பழைய ஆட்டக்காரர்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு: பயிற்சியின்போது கோல் கம்பத்தின் மேல் ஒரு பானக் குப்பியை வைத்துவிட்டு, தூரத்திலிருந்து பந்தை உதைத்து அதைக் கீழே தள்ளுவாராம், பிறகு நீங்கள் செய்யுங்கள் என்று சைகை காட்டுவாராம். யாராலும் முடியாது. அதற்கு மேல் அவருக்கு இலக்கணம் தேவைப்படவில்லை. மொழி வரும்வரை காத்திருக்காமல் தெரிந்த வேலையைச் செய்துகாட்டுங்கள் என்று புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இவரை நினைத்துத்தான். அதற்காக ஜெர்மன் வகுப்பை விட்டுவிடாதீர்கள், அவருடைய கால் நம்மிடம் இல்லை.

ராட்டர்டாமிலோ ஹாம்பர்க்கிலோ குடியேறியவர்களுக்கும் இந்தப் பெயர் உதவும். 1970இல் ராட்டர்டாமின் ஃபெயனூர்ட் அணி மிலான் நகரில் ஸ்காட்லாந்தின் செல்டிக்கை 2-1 என்று கூடுதல் நேரத்தில் ஜெயித்து ஐரோப்பியக் கோப்பையை வாங்கியது, ஒரு டச்சு அணி அதை வென்றது அதுவே முதல் முறை. பயிற்சியாளர் ஹாப்பல். பிறகு பெல்ஜியத்தில் கிளப் புரூகேவுக்கு வரிசையாக மூன்று லீக் பட்டங்கள். 1978 உலகக் கோப்பையில் நெதர்லாந்தை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார், 1-1 என்று இருந்தபோது கடைசி நிமிடத்தில் நெதர்லாந்தின் ரென்சன்பிரிங்க் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, கூடுதல் நேரத்தில் அர்ஜென்டினா ஜெயித்தது. ஹாம்பர்க்கில் அவர் காலத்தில் அந்த ஊர் அணி ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பூண்டஸ்லீகாவில் 36 ஆட்டங்கள் தோற்காமல் ஆடியது, 1983இல் பிரெஞ்சு நட்சத்திரம் பிளாட்டினி இருந்த இத்தாலியின் யுவென்டஸை ஏதென்ஸில் 1-0 என்று வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. இரண்டு வெவ்வேறு கிளப்புகளோடு அந்தக் கோப்பையை வென்ற முதல் பயிற்சியாளர் இவர்தான்.

1987இல் ஆஸ்திரியா திரும்பி இன்ஸ்புரூக் அணிக்கு இரண்டு பட்டங்கள் வாங்கிக் கொடுத்தார். 1992இல் தேசிய அணியை ஏற்றபோது நுரையீரல் புற்றுநோய், ஆள் பாதியாகிவிட்டார், ஆனாலும் மைதானத்துக்கு வந்துகொண்டிருந்தார். நவம்பர் 14 அன்று இறந்தார். நான்கு நாள் கழித்து நியூரம்பெர்க்கில் ஜெர்மனியோடு ஆட்டம், ஆஸ்திரிய அணியின் பெஞ்சில் அவருடைய தொப்பியை வைத்திருந்தார்கள். 0-0 என்று முடிந்தது. இதைச் சொல்லும்போது இங்கே பலருக்குக் குரல் தழுதழுக்கும், அப்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அப்புறம், பேச்சோடு நிற்காமல் ஓர் ஆட்டத்துக்குப் போய்விடுங்கள். யூ4 மெட்ரோவில் கடைசி நிலையம் ஹூட்டல்டோர்ஃப், அங்கே ராப்பிட்டின் மைதானம். 75ஆம் நிமிடம் வந்ததும் அரங்கம் முழுக்கத் தாளமாகக் கைதட்ட ஆரம்பிக்கும், ராப்பிட் எத்தனை கோல் பின்தங்கியிருந்தாலும் சரி, கடைசிக் கால் மணி நேரத்தில் மாறும் என்ற நம்பிக்கையில் தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். நீங்களும் சேர்ந்து தட்டுங்கள். குழந்தைகளோடு போனால் தீவிர ரசிகர்கள் நிற்கும் மேற்குப் பகுதியைத் தவிர்த்துவிட்டுப் பக்கவாட்டில் டிக்கெட் எடுங்கள். ஊதா நிறச் சட்டை மட்டும் வேண்டாம், அது எதிரணியான ஆஸ்திரியா வியன்னாவின் நிறம். அந்த அணிதான் பிடிக்கும் என்றால் யூ1இல் ஏறி ஃபேவரிட்டன் பக்கம் போங்கள், அங்கே ராப்பிட்டின் பச்சை கூடாது.