தட்டை ஷூவுக்கு அடி தைத்துத் தருபவர் புதுச்சேரி, கடலூர் பக்கம் யாராவது உண்டா?

வணக்கம். பெண்களுக்கான பென்னி லோஃபர் (கயிறு இல்லாமல், மேலே குறுக்கே தோல் பட்டை வைத்த ஷூ), பாலே பிளாட் (மேல்பாதம் திறந்த, மெல்லிய தட்டை ஷூ), இரண்டிலும் ஒரு ஜோடி செய்ய வேண்டும். பென்னி லோஃபரை 1936-இல் ஜி.எச். பாஸ் என்ற அமெரிக்க ஷூ நிறுவனம் கொண்டுவந்தது, இன்றும் ஜீன்ஸ், சுடிதார், புடவை எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகிறது. ஒரு ஷூ பழசாகத் தெரிவது பெரும்பாலும் நுனியால்தான். ரொம்பக் கூராகவோ சதுரமாகவோ வேண்டாம், பாதாம் வடிவம் போதும். குதிகால் 1 முதல் 1.5 செ.மீ. பெரிய பக்கிள், மினுக்கு எதுவும் கூடாது.

பெரிய தலைவலி அடிதான். பி.யு. (பாலியூரித்தேன்) அடியை நம் கடற்கரை ஈரக்காற்றில் போடாமல் அலமாரியில் வைத்தாலே, ஈரம் உள்ளே இறங்கி நாளடைவில் பொடிப்பொடியாக உதிரும். பசை மட்டும் போட்டு ஒட்டினால், ஒரு மழைக்குப் பிறகு விரல் மடங்கும் இடத்தில் வாய் பிளக்கும். அதனால் 4 மி.மீ. ரப்பர் அடியை ஒட்டி, சுற்றிலும் மெழுகு நூலில் தைக்க வேண்டும்.

பாலே பிளாட்டின் விளிம்பில் எலாஸ்டிக் வேண்டாம். இறுக்கமாக இருந்தால் குதிகாலைப் புண்ணாக்கும், தளர்ந்தால் நடக்கும்போது கழலும். பாத அளவு மாலையில், கால் சற்று வீங்கிய நேரத்தில் எடுப்பவராக இருந்தால் ரொம்ப நல்லது.

தெரிந்தவர்கள் கடை இருக்கும் தெரு, ஜோடிக்கு ஆகும் கூலி, தோல் நாமே வாங்கித் தரலாமா என்பதைச் சொல்லுங்கள்.