காற்றடித்தும் நகராத மேகம்

அன்றைக்குக் காலையிலிருந்தே காற்று பலமாக அடித்தது. மலையடிவாரத்தில் தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலம். எதிரே சிகரத்தின் உச்சியில் மட்டும் ஒரே ஒரு வெள்ளை மேகம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே இடத்தில் இருந்தது. இவ்வளவு காற்றில் அது எப்படி அடித்துக்கொண்டு போகாமல் இருக்கிறது? அந்தக் கேள்வி என்னை அங்கேயே உட்கார வைத்துவிட்டது.

பைனாகுலரை எடுத்து மேகத்தின் ஓரத்தை மட்டும் கவனித்தேன் (சூரியன் இருக்கும் பக்கம் திருப்பவே கூடாது). காற்று வரும் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத நீலத்தில் நூல் மாதிரி ஏதோ தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பஞ்சாகும். உச்சியைத் தாண்டி ஓடும். மறுபக்கம் இறங்க இறங்க நைந்து, கரைந்து, இல்லாமல் போகும். ஒரு பிசிறைக் குறிவைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். தோன்றியதிலிருந்து மறையும் வரை ஒரு நிமிடம்கூட முழுசாக ஆகவில்லை. திரும்பத் திரும்ப ஏழெட்டுப் பிசிறுகளைப் பார்த்தேன், எல்லாம் அப்படித்தான். அரை மணி நேரமாக நான் பார்த்தது ஒரே மேகம் இல்லை. அருவி அங்கேயே நிற்கிறது, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது அல்லவா, அப்படித்தான் இதுவும்.

மலையில் முட்டும் காற்று மேலே ஏறியாக வேண்டும். மேலே அழுத்தம் குறைவு என்பதால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. மேகம் உண்டாகும் வரை 1000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் குறையும். பனிநிலையை, அதாவது காற்றில் உள்ள ஈரம் துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலையைத் தொட்டதும், காற்றில் மிதக்கும் தூசி, உப்புத் துகள்களின் மேல் ஈரம் துளியாகப் படிகிறது. மறுபக்கம் இறங்கும்போது காற்று சூடேறி, துளிகள் மறுபடி ஆவியாகின்றன.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. தரையில் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 125 ஆல் பெருக்கினால், மேகத்தின் அடிப்பகுதி சுமாராக எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று தெரியும். அன்று 26க்கும் 16க்கும் நடுவே 10 டிகிரி, அதாவது 1250 மீட்டர். வரைபடத்தோடு ஒப்பிட்டேன், மேகம் தொடங்கிய இடம் கிட்டத்தட்ட அங்கேதான் இருந்தது. சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டேன்.

கேப் டவுனில் டேபிள் மலை மேல் கோடைத் தென்கிழக்குக் காற்றில் விரியும் 'மேசைவிரிப்பு' மேகமும் இப்படித்தான் உருவாகிறது. ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் கொடி மாதிரிப் பறப்பது வேறு வகை. அது காற்று மறைவான பக்கத்தில் சுழன்று மேலேறும் காற்றால் உண்டாவது.

மதியத்துக்கு மேல் மலைக்குப் பின்னால், தள்ளி, இன்னொன்று தோன்றியது. விளிம்பு சீவிவிட்ட மாதிரி வழவழப்பாக, தட்டுகளை அடுக்கிய வடிவம். லென்ஸ் மேகம். ஓடையில் கல்லுக்குப் பின்னால் தண்ணீர் அலைஅலையாக எழும்பும் இல்லையா, மலையைத் தாண்டிய காற்றும் அப்படி எழும்பி இறங்குகிறது. அலையின் முகட்டில் மட்டும் மேகம். கிளைடர் என்ற எஞ்சின் இல்லாத விமானத்தை ஓட்டுபவர்கள் இந்த அலையைப் பிடித்துத்தான் மிக உயரம் போகிறார்கள். அடியில் சுழலும் காற்றோ ஆபத்தானது. 1966 மார்ச் 5 அன்று ஃபூஜி மலைக்கு அருகே கடும் கொந்தளிப்பில் ஒரு பயணிகள் விமானம் உடைந்து 124 பேர் இறந்தார்கள். அந்த வழவழப்பைப் பார்க்கும்போது அதுவும் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் காற்று தளர்ந்தது. முதலில் இந்தப் பக்கம் நூல் தோன்றுவது நின்றது. மறுபக்கம் கரைவது மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தொடர்ந்தது. அப்புறம் வெறும் பாறை.